ரஷ்ய–ஆங்கில மொழிபெயர்ப்பு கற்க: பட்டப்படிப்பா, மாலை வகுப்பா, சான்றிதழ்த் தேர்வா, சொந்த முயற்சியா?

ரஷ்ய மொழியில் ‘ருகா’ என்பது தோளிலிருந்து விரல் நுனி வரையுள்ள முழு உறுப்பையும் குறிக்கும். ‘நகா’ தொடையில் தொடங்கிப் பாதத்தில் முடியும். ‘பாலெட்ஸ்’ என்ற சொல் கைவிரலுக்கும் கால்விரலுக்கும் பொது. தமிழில் கை, கால், விரல் என்னும் சொற்களும் இதே பரப்பைத்தான் தழுவி நிற்கின்றன என்பதால், இந்த மூன்றையும் கற்கும் தமிழருக்கு ஒரு தடுமாற்றமும் நேர்வதில்லை. அவற்றை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் ‘ஹேண்ட்’ என்பதா ‘ஆர்ம்’ என்பதா, ‘லெக்’ என்பதா ‘ஃபுட்’ என்பதா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூலமோ பல இடங்களில் அதற்கு ஒரு குறிப்பும் தருவதில்லை.

ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கக் கற்க விரும்புகிறவர்கள், படிப்புகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் கட்டணம், காலம், சான்றிதழின் மதிப்பு ஆகிய மூன்றையும் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அவை தேவையான கணக்குகள்தான். ஆனாலும் இரண்டு மொழிகளில் எதுவும் தாய்மொழியாக இல்லாத ஒருவர், அவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து: இந்த வழியில் போனால் என்னுடைய ஆங்கிலப் பக்கத்தை யார் திருத்துவார்? கிடைக்கும் வழிகளில் பெரும்பாலானவை ரஷ்ய மொழியைக் கற்பிக்கின்றன. மொழிபெயர்ப்பு கெடுவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

தமிழருக்கு ரஷ்ய இலக்கணம் கடினம் என்று சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. ‘ம்ன்யே ஹோலத்ன’ என்பதை அப்படியே தமிழாக்கினால் ‘எனக்குக் குளிர்கிறது’ என்று வரும்; ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்னும் ஆங்கில அமைப்புதான் நமக்கு அந்நியம். ‘ஓன் வ்ராச்’ என்பது ‘அவர் மருத்துவர்’ என்பதைப் போலவே வினையில்லாமல் முடிந்துவிடும். ‘சன்னலருகே நிற்கும் மனிதர்’ என்று பெயருக்கு முன்னால் பெயரெச்சத்தை அடுக்குவதைப் போல, எழுத்து நடை ரஷ்யமும் எச்சத் தொடர் ஒன்றைப் பெயருக்கு முன்னால் நீளமாக வைக்க இடம் கொடுக்கிறது. நமக்கு எட்டு வேற்றுமை என்றால் அவர்களுக்கு ஆறு. ‘ரிஷால்’, ‘ரிஷீல்’ என்று இரட்டையாக வரும் வினைகள்கூட, ‘கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான்’, ‘கணக்கைப் போட்டுவிட்டான்’ என்ற வேறுபாட்டை அறிந்த காதுக்கு முழுப் புதிர் அல்ல. பயணத்தைக் குறிக்கும் வினைகள்தான் உண்மையிலேயே படுத்தும்.

ஆங்கிலத்தின் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். ‘அறைக்குள் ஒரு சிறுவன் நுழைந்தான்’, ‘சிறுவன் அறைக்குள் நுழைந்தான்’ என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ரஷ்ய மொழி சொற்களின் வரிசையை மாற்றியே காட்டிவிடும். புதிதாக வருபவனைச் சொல்லும் பெயர் தொடரின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்துக்கோ ‘எ’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்கள் வேண்டும். ரஷ்ய மொழியிலும் ஆர்ட்டிகிள் கிடையாது, தமிழிலும் கிடையாது. ஆகவே ரஷ்ய ஆசிரியரும் தமிழ் மாணவரும் ஆங்கிலத்தில் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ரஷ்ய மொழியை மிகச் சிறப்பாகக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவர், மாணவரின் ஆங்கிலப் பக்கத்தில் அந்தப் பிழைகளைக் காணாமலே கடந்துவிட வாய்ப்புண்டு என்பதை வழிகளை ஒப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

திசையைப் பற்றிய முடிவும் இங்கேயே எடுக்கப்பட வேண்டியது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தமக்கு மிகவும் கைவந்த மொழிக்குள்ளேதான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது நெடுநாள் மரபு. ஐ.நா. சபையின் மொழித் தேர்வுகளும் விண்ணப்பதாரரின் ‘முதன்மை மொழி’ எது என்றுதான் பார்க்கின்றன. மொழிபெயர்ப்பு அந்த மொழிக்குள் நடக்கும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம்கூடத் தன் தமிழ் நூல்களுக்குத் தமிழர்களையும், ஆங்கில நூல்களுக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையும் அமர்த்திக்கொண்டது. பள்ளி நாளிலிருந்து ஆங்கிலத்தில் படித்து எழுதி வந்த ஒருவர் ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருவதுதான் நடக்கக்கூடியது. எதிர்த்திசையில், ரஷ்யாவில் பிறந்து வளர்ந்தவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும்; அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வழிகள். மதிப்பில் முதலிடத்தில் இருப்பது முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பு. மாஸ்கோ அரசு மொழியியல் பல்கலைக்கழகம் 1930இல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் தலைவர் மோரிஸ் தொரேஸ் பெயரில் இயங்கிய காலத்தில் அது உருவாக்கியவர்களில், குருஷேவ் முதல் பிரெஷ்னேவ் வரை சோவியத் தலைவர்களுக்கு வாய்மொழியாக உரை பெயர்த்த விக்தர் சுகத்ரேவும், கொர்பச்சோவின் உரைபெயர்ப்பாளர் பாவெல் பலாஷ்சென்கோவும் உண்டு. ஐ.நா. சபைக்கு மொழிபெயர்ப்பாளர்களைத் தயாரிக்கும் பயிற்சி வகுப்புகளும் 1960களில் அங்கே நடத்தப்பட்டன. இத்தகைய இடங்களில் கிடைக்கும் ஒழுங்கு, அதாவது ஒவ்வொரு நாளும் மொழிபெயர்த்து, மறுநாள் பலர் முன்னிலையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம், வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் இப்படிப்பட்ட பாடத்திட்டங்கள் ரஷ்ய மொழி பேசிப் பிறந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்குச் செல்வதே இயல்பான திசை. நமக்கு வேண்டிய திசை அவர்களுக்குக் கடினமான மறுபாதி. அயல்நாட்டு மாணவர் முதலில் ஓராண்டு ஆயத்தத் துறையில் மொழி கற்ற பிறகுதான் மற்றவர்களோடு அமர முடியும். 2022 மார்ச்சுக்குப் பிறகு, வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவுக்குள் செல்லுபடியாவதில்லை என்பதால் பணம் அனுப்புவதும் செலவழிப்பதும் தனித் தலைவலி.

அமெரிக்காவில் இத்துறைக்குப் பெயர் பெற்றிருந்த மான்ட்ரே நிறுவனத்தின் வளாகப் பட்டமேற்படிப்புகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அதை நடத்தும் மிடில்பரி கல்லூரி 2025இல் அறிவித்துவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்குள் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத்தின் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ரஷ்ய மொழித் துறைகள் இருக்கின்றன. செலவு மிகக் குறைவு. மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றுக்கு நடுவே மொழிபெயர்ப்பு ஒரு பகுதியாக வரும். இந்த வழியின் ஒரு நன்மை பேசப்படுவதில்லை: நம் ஊர் வகுப்பில் திருத்தப்படும் பக்கம் ஆங்கிலப் பக்கமாக இருக்க அதிக வாய்ப்புண்டு.

இரண்டாவது வழி மாலை வகுப்பும் மொழித்தேர்வும். சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையம் பல தலைமுறைகளுக்கு ரஷ்ய எழுத்தறிவித்த இடம். அப்படிப்பட்ட வகுப்பொன்றில் சேர்ந்து, அயல்மொழியாக ரஷ்யம் கற்போருக்கான அரசுத் தேர்வின் படிகளை ஒவ்வொன்றாக ஏறலாம். அதன் முதற்சான்று நிலை, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1, ரஷ்யப் பல்கலைக்கழகத்தில் சேர அயல்நாட்டவரிடம் எதிர்பார்க்கப்படும் அளவு. மொழிபெயர்ப்பு வேலைக்கு அது போதாது; அதற்கடுத்த பி2 நிலையில்தான் ஒரு செய்திக் கட்டுரையை அகராதியோடு நம்பிக்கையாக அணுக முடியும். காலக் கணக்கு ஒன்றையும் இங்கே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர் ஒருவர் ரஷ்ய மொழியில் தொழில்முறைத் திறன் பெற 44 வாரங்கள், ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கிடுகிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் மாலை வகுப்புக்குச் செல்கிறவருக்கு அந்த 1,100 மணி நேரம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டும். அதுவரை கற்றது மொழி மட்டுமே. அந்தத் தேர்வு மொழிபெயர்ப்பைச் சோதிப்பதும் இல்லை. இருந்தும், வேலையை விடாமல் அடித்தளம் போட விரும்புகிறவருக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரே இல்லாமல் ரஷ்ய உச்சரிப்பையும் வினை இரட்டைகளையும் கற்றவர்களின் பிழைகள் பிற்பாடு கல்லில் செதுக்கியதுபோல் நிலைத்துவிடுகின்றன.

மூன்றாவது வழியான சொந்த முயற்சி, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு இன்று வலுப்பெற்றிருக்கிறது. இதற்குக் காரணம் செயலிகள் அல்ல. ரஷ்யமும் ஆங்கிலமும் ஐ.நா. சபையின் ஆறு அலுவல் மொழிகளில் இரண்டு என்பதால், முதல்தர மொழிபெயர்ப்பாளர்களும் திருத்தாளர்களும் பார்த்து முடித்த இருமொழி ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகக் குவிந்துகிடக்கின்றன. ஒவ்வோர் ஆவணத்தின் தலைப்பகுதியிலும் அது எந்த மொழியில் முதலில் எழுதப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். மூலம் ரஷ்யம் என்று குறிக்கப்பட்ட ஒரு கடிதத்தையோ அறிக்கையையோ எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து, ஓர் இரவு ஆறவிட்டு, பிறகு அதிகாரபூர்வ ஆங்கில வடிவத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி பல வகுப்பறைகளில் கிடைப்பதில்லை. 1990 முதல் 2014 வரையிலான ஆவணங்களை ஆறு மொழிகளிலும் இணைத்து ஐ.நா. 2016இல் வெளியிட்ட இணைத்தொகுப்பும், 2004 முதல் இணையத்தில் உள்ள ரஷ்யத் தேசியத் தொகுப்பின் இருமொழிப் பகுதியும் சொற்களை அவை வாழும் தொடர்களிலேயே காட்டிக்கொடுக்கும். மல்டிட்ரான் அகராதி ஒரு சொல்லுக்கு இருபது இணைகளைக் கொட்டும். தேர்ந்தெடுப்பதற்கு அதனிடம் உதவி கிடையாது.

இந்த ஒப்பீட்டில் முதலில் கண்ணில் படுவது பெயர்ச்சொற்களின் நெரிசல். ‘வேலையின் செயல்திறனின் உயர்வினை உறுதிசெய்தலின் நோக்கத்துடன்’ என்று வேற்றுமை உருபுகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவது ரஷ்ய அலுவலக நடைக்கு மிகவும் பிடித்தது. எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி இதை ஒரு நோயாகப் பாவித்து ‘கன்ட்ஸெல்யரீத்’, அதாவது அலுவலக அழற்சி, என்று பெயரே வைத்தார். நல்ல ஆங்கில வடிவம் அந்தப் பெயர்களில் பாதியை வினையாக்கி, மீதியைத் தயங்காமல் விட்டுவிடும். நம் அரசாணைத் தமிழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நோயை அடையாளம் காண்பதில் சிரமமே இருக்காது. விட்டுவிடத் துணிவதில்தான் சிரமம்.

சொந்த முயற்சியின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஐ.நா. வடிவத்திலிருந்து நம்முடைய வரி மாறுபடும்போது, அது பிழையா, மற்றொரு சரியான வழியா என்று சொல்ல ஆளில்லை. 1956 நவம்பரில் மாஸ்கோவில் மேற்கத்தியத் தூதர்கள் முன்னிலையில் குருஷேவ் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சுகத்ரேவ் ‘உங்களைப் புதைப்போம்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். சொல்லளவில் அதில் குறையே இல்லை. ஆனால் ரஷ்யக் காதுக்கு அது ‘உங்கள் காரியம் நடக்கும்போதும் நாங்கள் இருப்போம்’ என்பதற்கு நெருக்கமானது. ஆங்கிலத்திலோ கொலைமிரட்டலாக ஒலித்து உலகச் செய்தியாயிற்று. சுகத்ரேவ் சிறுவயதில் லண்டனில் வளர்ந்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடங்களை இணைத்தொகுப்பு காட்டலாம், விளக்காது.

அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதால்தான் நான்காவது வழியான சான்றிதழ்த் தேர்வை நான் தனியே மதிக்கிறேன். 1959இல் நிறுவப்பட்ட அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம் ரஷ்யத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து ரஷ்யத்துக்கும் தனித்தனியாகத் தேர்வு நடத்துகிறது. மூன்று மணி நேரத்தில், ஒவ்வொன்றும் 225 முதல் 275 சொற்கள் வரை உள்ள இரண்டு பகுதிகளை மொழிபெயர்க்க வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் அதன் கனத்துக்கேற்பப் புள்ளிகள் போடப்படும். 18 புள்ளிகள் சேர்ந்தால் அந்தப் பகுதி தோல்வி. எழுதுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தேறுகிறார்கள் என்று சங்கமே சொல்கிறது. பிரிட்டனின் மொழியறிஞர் பட்டய நிறுவனம் நடத்தும் மொழிபெயர்ப்புப் பட்டயமும் முதுநிலைப் பட்டத் தரத்தில் வைக்கப்படுவது. இவற்றில் எதுவும் கற்பிப்பதில்லை. ஆனால் அமெரிக்கச் சங்கம், பழைய தேர்வுப் பகுதிகளைப் பயிற்சித் தேர்வாகக் கட்டணத்துக்குத் தருகிறது. எழுதி அனுப்பினால், உண்மைத் தேர்வைப் போலவே பிழை பிழையாகக் குறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். தேர்வையே எழுதாவிட்டாலும், முன்பின் தெரியாத ஒரு தொழில்முறைத் திருத்தாளரின் பேனா நம் ஆங்கிலத்தின் மேல் ஒருமுறை ஓடுவதற்கு இந்தத் தொகை செலவழிக்கத் தக்கது.

இலக்கியத்துக்காகவே ரஷ்யம் கற்க வருகிறவர்களின் கணக்கு சற்று வேறு. கான்ஸ்டன்ஸ் கார்னெட் முப்பதாவது வயதையொட்டித்தான் ரஷ்ய மொழி கற்கத் தொடங்கினார். பிறகு ஏறத்தாழ எழுபது தொகுதிகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய ரஷ்யத்தில் பிழைகள் இருந்தன என்று பின்வந்தவர்கள் பட்டியலிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு ஆங்கில உலகம் தல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் செகாவையும் பெருமளவு அவர் வழியாகவே படித்தது. காரணம் அவருடைய ஆங்கிலம். ஒருவரே இரண்டு மொழியிலும் முழுமை பெற முடியாதபோது இருவராகச் சேர்வதும் உண்டு. ரிச்சர்ட் பெவியரும் லரீசா வலஹோன்ஸ்கியும் அப்படித்தான்: ரஷ்யத்தைத் தாய்மொழியாகக் கொண்ட லரீசா மூலத்தை ஒட்டிய வரைவை எழுதுவார், ஆங்கிலத்தில் கவிதை எழுதும் கணவர் ரிச்சர்ட் அதைத் திருத்தி எழுதுவார். 1990இல் வெளியான ‘கரமசோவ் சகோதரர்கள்’ மொழிபெயர்ப்பிலிருந்து இந்த முறை பேர் பெற்றது. விளைவு மூலத்தின் கரடுமுரடை அளவுக்கு மீறிக் காப்பாற்றுகிறது என்ற குறையும் சேர்ந்தே வந்தது. நம்மில் ஒருவர் இதைப் பின்பற்ற நினைத்தால், ரஷ்ய நண்பரைத் தேடுவதோடு நின்றுவிடக் கூடாது. மூன்றாவதாக ஆங்கிலத்தில் கடுமையாகக் கை வைக்கும் ஒரு திருத்தாளரும் வேண்டும். இதை வருமானத்துக்கான வழியாக நான் எண்ணவில்லை.

இத்தனைக்கும் நடுவே, இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. கணினி மொழிபெயர்ப்பின் முதல் பொதுக்காட்சியே இந்த இரு மொழிகளில்தான் நடந்தது. 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, 250 சொற்களையும் ஆறே இலக்கண விதிகளையும் கொண்டு அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டின. சில ஆண்டுகளில் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அப்போது பேசப்பட்டது; 1966இல் வந்த அமெரிக்க அரசுக் குழு அறிக்கை அந்த நம்பிக்கையைக் கலைத்தது. இன்றைய இயந்திரம் அந்தப் பழைய வாக்குறுதியைப் பெருமளவு நிறைவேற்றிவிட்டது. நேர்மையாகச் சொன்னால், ஆர்ட்டிகிள்களை அது நம்மில் பலரைவிடச் சரியாகப் போடுகிறது. இதனால் சாதாரணக் கடிதம், விளம்பரம், பொதுச் செய்தி ஆகியவற்றில் தொடக்கநிலை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்துவந்த வேலை சுருங்கி, இயந்திர வரைவைத் திருத்தும் வேலையாக மாறிவருகிறது. வழவழப்பான ஆங்கிலத்துக்குள் புதைந்திருக்கும் தவறைக் கண்டுபிடிக்க ரஷ்யமும் தெரிய வேண்டும், பொருளும் தெரிய வேண்டும். ‘சபாச்கா’ என்றால் சின்ன நாய். இயந்திர வரைபடத்தில் அதுவே பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கொக்கி. நம்மவர்கள் துப்பாக்கியில் குதிரையைக் கண்டதைப் போல அவர்கள் சக்கரத்தில் நாயைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே துறையறிவு, வழியைத் தேர்ந்தெடுப்பதில் முன்பைவிடக் கனமான எடைக்கல்லாகிவிட்டது. கூடங்குளத்தில் ரஷ்ய வடிவமைப்பில் அணு உலைகள் கட்ட 1988இல் ஒப்பந்தம் ஆனது. முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. அடுத்தடுத்த அலகுகளின் கட்டுமானம் தொடர்கிறது. இப்படியொரு நிலையத்தைச் சூழ்ந்து நிற்கும் வரைபடங்கள், கையேடுகள், சோதனை அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் இரு மொழிகளுக்கு நடுவே ஆள் வேண்டியிருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமை தன் பாதுகாப்புத் தரநூல்களை ஆங்கிலத்திலும் ரஷ்யத்திலும் வெளியிடுகிறது என்பதால், இத்துறையில் இணைவாசிப்புக்கும் பஞ்சமில்லை. விண்வெளித் துறையும் அப்படியே: பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பணியாற்றச் செல்லும் அமெரிக்க வீரர்கள்கூட ரஷ்யம் கற்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்து நான் எடுக்கும் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மொழியே தொழில் என்று தீர்மானித்துவிட்ட மாணவர் டெல்லியிலோ ஐதராபாத்திலோ பட்டம் பெற்று, இடையில் ஒரு பருவத்தையோ ஓராண்டையோ ரஷ்யாவில் கழிப்பதை நான் விரும்புவேன். பதினெட்டு வயதில் நேராக மாஸ்கோவுக்குப் போகிறவர், ரஷ்யம் கூர்மையாகி ஆங்கிலம் மழுங்கித் திரும்பும் அபாயம் உண்டு. முப்பது வயதுப் பொறியாளருக்குப் பட்டப்படிப்பு தேவையே இல்லை: இரண்டு மூன்று ஆண்டு மாலை வகுப்பு, அதன் பின்பாதியிலிருந்து தம் துறையிலேயே இணைவாசிப்பு, பி2 நிலையை எட்டியதும் அமெரிக்கச் சங்கத்தின் பயிற்சித் தேர்வு என்ற வரிசை போதும். குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர், அதைப் பற்றிய ரஷ்ய வாக்கியத்தில் தவறான சொல் விழுந்தால் உடனே நெற்றி சுருக்குவார். மொழி மட்டுமே கற்றவருக்கு அந்தச் சுருக்கம் வர ஆண்டுகளாகும். உரைபெயர்ப்பு, அதாவது கூட்டத்தில் அமர்ந்து உடனுக்குடன் வாய்மொழியாகப் பெயர்ப்பது, தனிக் கலை. அதை ஆசிரியரும் கூடமும் இல்லாமல் கற்க முயல வேண்டாம்.

எந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் அங்கே ஒன்றைக் கேட்கலாம்: சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் ரஷ்யத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்த பக்கம் ஒன்றை, பெயரை மறைத்து, ஆசிரியர் திருத்திய மையோடு காட்ட முடியுமா? காட்டினால், திருத்தங்கள் ரஷ்யச் சொற்களின் பொருளோடு நின்றுவிடுகின்றனவா, ஆங்கில வாக்கியத்தையும் புரட்டிப் போடுகின்றனவா என்று பாருங்கள்.